பார்க்க நின்றவன்

ஜுபைலில் மூன்றாம் ஷிப்ட்.
பர்மிட் கன்டெய்னருக்குள்
ஏசி மட்டும் ஏதோ முனகிக்கொண்டிருக்க
விபத்து அறிக்கையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.
கட்டம் ஒன்பது:
சம்பவத்துக்குச் சற்று முன்
தொழிலாளி என்ன செய்துகொண்டிருந்தார்?
மூன்று வரிக்கு மேல் இடமில்லை.

அப்பலராஜு. பைப் ஃபிட்டர். ஸ்ரீகாகுளத்துக்காரன்.
பதினொன்றாம் ரேக்கின் கீழே
கேஸ் மீட்டரைப் பார்க்க நின்றான்.
குனிந்தான்.
மேலே சாரத்தில் யாரோ முடுக்காமல் விட்ட கிளாம்ப்
அவன் தோளைத் தேடி இறங்கியது.

ஃபோர்மேன் ரெனாட்டோ
பச்சைப் பேனாவில் எழுதிக் கொடுத்திருந்தார்:
ஹீ ஸ்டாப்டு செக்கிங் தி மீட்டர்.

நல்ல மனிதர். ஆம்புலன்ஸில் கூடவே போனவர்.
அவருக்கு அதில் பிழை தெரியவில்லை.
எனக்கும்தான்.
அடித்து, பிரிண்ட் எடுத்து, முத்திரை குத்தி,
சுலைமானி வாய்க்குப் போகும்போதுதான் சுட்டது.

பார்க்க நின்றான்.
பார்ப்பதை நிறுத்தினான்.

நம் மொழியில் இந்த இரண்டும்
எதிரெதிரே வந்தால்கூடச் சிரித்துக்கொள்ளாது.
ஆங்கிலத்திலோ ஒரே வினை,
இரண்டு சட்டை.
முன்னால் ஒரு டு நின்றால் அவன் கவனமானவன்.
பின்னால் இங் ஒட்டினால் அசட்டையானவன்,
அசட்டைக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது.

இந்த வாலிடம் நான் முன்பே கடிபட்டிருக்கிறேன்.
வந்த புதிதில் ஸ்டோரில் கேபிள் சுருள் காணாமல் போனது.
பூட்டினாயா என்றார்கள்.
பூட்டியது ஞாபகம் இருக்கிறது என்று சொல்லப் போய்
ஐ ரிமெம்பர் டு லாக் என்றேன்.
இனிமேல் மறக்காமல் பூட்டுகிறேன் என்பதாக
அவர்கள் காதில் விழுந்தது.
குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கு
மூன்று நாள் சம்பளம் பிடித்தம்.

அப்புறம்தான் வார்த்தைகளைச் சந்தேகிக்கத் தொடங்கினேன்.
நடந்து முடிந்ததற்கு இங்,
நடக்க வேண்டியதற்கு டு
என்று ஒரு விதி எனக்கு நானே கண்டுபிடித்தேன்.
கேம்ப்பில் சரியாகத்தான் வந்தது.
எங்கள் அறையில் எட்டுக் கட்டில், எட்டும் டு:
அனுப்ப, அடைக்க, மீட்க, கட்ட,
ஒருமுறையாவது போய்ப் பார்க்க.

ரெஃப்யூஸ் வந்து விதியைக் கெடுத்தது.
லீவில் கையெழுத்திட மறுத்தார் மேனேஜர்.
நடக்கவே போவதில்லை,
அதற்கும் டு.

ரிக்ரெட்டையும் கவனித்தேன்.
கம்பெனிக் கடிதங்கள் எல்லாம்
ரிக்ரெட் டு இன்ஃபார்ம்.
வருந்திச் சொல்வார்கள்.
சொன்னதற்காக வருந்தி
ஒரு கடிதம்கூட
பதினாலு வருஷத்தில் என் ஃபைலுக்கு வரவில்லை.

சரி, கட்டம் ஒன்பது.
இங்கை அழித்தேன். டு வைத்தேன்.
ரெனாட்டோவைத் தூக்கத்தில் எழுப்பி
மறுபடி கையெழுத்து வாங்கினேன்.
காலையில் சேஃப்டி ஆபீஸில் வாலித்
இரண்டு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
வாக்குமூலம் மாறியிருக்கிறதே என்றார்.
வாக்குமூலம் அதேதான், இலக்கணம் மாறியிருக்கிறது என்றேன்.
நம்பினாரா தெரியாது.
சாரத்து ஆட்களைக் கூப்பிடச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன்.
அப்பலராஜு இடது கையால்
தயிர்சாதத்தோடு போராடிக்கொண்டிருந்தான்.
இந்தியும் தெலுங்கும் குழைத்துக் கேட்டான்,
என்னைப் பற்றி என்ன எழுதினீர்கள்?

மீட்டரைப் பார்க்க நின்றாய் என்று.

அதுதானே நடந்தது, என்றான்.
இதை எழுதவா
ராத்திரி முழுக்க விழித்திருந்தீர்கள்?